தாத்தாவோடு போன பிள்ளை

1. முதல் நாள்

மதுரைக்குத் தெற்கே ஒரு நெசவு ஊர். அங்கே நான் கூலிக்குத் தறியில் உட்கார்ந்த முதல் நாள், முதலாளி சங்கரலிங்கம் வந்து என் பின்னால் நின்றார். அதுவரை நெய்த துணியை விரலால் நீவிப் பார்த்தார்.

"பாய், ஊடு சரியில்லையே. ரொம்ப நெருக்கமா இருக்கு."

வந்த அன்றே ஒருவர் என் இருப்பிடத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்கு மனம் இளகிவிட்டது.

"ஓம் முதலாளி. ரெண்டு பிள்ளைகளோட ஒரே அறைக்குள்ளதான் கிடக்கிறம். வேற இடம் கிடைக்கல்ல."

பக்கத்துத் தறிகள் எல்லாம் நின்றன. பிறகு சிரிப்பு வெடித்தது. அவர் சொன்ன ஊடு, நீளவாக்கில் கட்டிய பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், ஊடு என்றால் வீடு. அந்த நூலுக்கு எங்கள் தறிகளில் வேறு பெயர்.

"சிலோன் பாய் தறிக்குள்ளயே குடித்தனம் நடத்துறாருடோய்!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், "அதென்ன பாய், எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்ங்கிறீக? அது எங்க சாமிக்குச் சொல்றதுல்ல?" என்றான்.

நானும் சிரித்தேன். சொல் மாறினால் சிரிப்பு வரும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று அன்று நினைத்தேன். பயிற்சிக்காகக் கடல் கடந்து போக இருக்கும் எங்கள் சங்கத்து இளம் நெசவாளர்கள், 'அங்கே எப்படி மாஸ்டர்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. போனது எப்படி

நான் சாய்ந்தமருதுக்காரன். மருதமுனையில் கல்யாணம் முடித்து, மனைவி வீட்டில் குடியேறினேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் அங்கே போய்ச் சேர வேண்டும். நான் நெசவுச் சங்கத்தில் பழக்குநராக இருந்தேன். மனைவி ஹலீமா பெண்களுக்கான நெசவு வகுப்பில் படிப்பித்தாள். சாயம் போடுவதிலும் கரை மாதிரிகள் போடுவதிலும் அவளுக்கு இருந்த கை எனக்கு இல்லை. இந்தியாவில் ஓராண்டு சாயப் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது அவள் பெயர் வந்தது.

முதலில் எதிர்த்தவர் ஹலீமாவின் தாய், என் மாமி. "மஹ்ரமில்லாம எண்ட புள்ளயக் கடல் தாண்ட உட மாட்டன்" என்றார். பெண் ஒருத்தி கணவனோ, மணம் முடிக்கக் கூடாத நெருங்கிய ஆண் உறவோ துணையில்லாமல் தூரப் பயணம் போவது எங்களுக்குள் ஆகாது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் போறதெண்டா எனக்கு ஒரு கதையும் இல்ல மருமகன்" என்றார்.

நான் சம்பளமில்லாத விடுமுறைக்கு எழுதிப்போட்டேன். தேத்தண்ணிக் கடையில் என்னை உரித்து எடுத்தார்கள்.

"மச்சான், பொண்டாட்டி ஊட்டுக்குப் போற மாப்பிள்ளையக் கண்டிரிக்கம். பொண்டாட்டிக்குப் பின்னால கப்பல் ஏறுற மாப்பிள்ளைய இப்பதான் காணுறம்."

"அது சரிதானேடாப்பா. ஊடு எங்க போகுதோ, மாப்பிள்ளையும் அங்கதானே!"

பிள்ளைகளை மாமியிடம் விட்டுப் போவதாகத்தான் முதலில் பேசினோம். மாமிக்குக் கண் மறைக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பையும் கிணற்றையும் நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கூட்டிக்கொண்டே போனோம். மூத்தவள் நஜீமாவுக்குப் பன்னிரண்டு வயது. இளையவள் ஆயிஷாவுக்கு ஐந்து. தலைமன்னாரில் கப்பல் ஏறியதிலிருந்து தனுஷ்கோடி வரை ஆயிஷா தமக்கையின் மடியிலேயே கிடந்தாள்.

3. சுவருக்கு இப்பால்

பயிற்சி நிலையத்தில் பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும், கணவன் உள்ளே வரக்கூடாது, பார்ப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை வாசல் வேம்படியில் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். ஆக, மனைவிக்குப் பக்கத்தில் இருக்கப் போன நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் பிள்ளைகளோடு இருந்தேன். அவளுடைய சுவரைத் தினமும் கடந்துதான் தறிக்குப் போனேன். அவளுடைய முகத்தை வாரத்தில் ஒருநாள் பார்த்தேன்.

ஊரில் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அங்கே நான் கூலி. அதில் எனக்கு மனக்குறை இல்லை. என் பயம் எல்லாம் பிள்ளைகளைப் பற்றியது. தறி, குழித்தறி. இடுப்பு வரை குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டால் வாசல் தெரியாது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஒவ்வொரு முறை போய் வரும்போதும் 'கதவைத் தாழ்ப்பாள் போட்டாளா, மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தாளா' என்று மனம் ஓடும். நஜீமா பொறுப்பான பிள்ளை. காலையில் எனக்கு நாடாவில் போடும் நூல்தாரைச் சுற்றித் தந்துவிட்டு, சமைத்து, தங்கையைக் குளிப்பாட்டித் தலைசீவி வைத்திருப்பாள். அதுவும் எனக்குக் கவலைதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு தாயின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹலீமா முழங்கை வரை நீலம் பூத்த கைகளோடு வேம்படிக்கு வருவாள். என்ன தேய்த்தாலும் அது போகாது. ஆயிஷா அந்தக் கையைப் பிடித்து முகர்ந்துகொண்டே இருப்பாள்.

"உம்மா, உங்கட கை சாயம் நாறுது."

"நாறட்டும் கிளி. ஊருக்குப் போன மறுகா கழுவிக்குவம்."

4. சந்தை நாள்

அன்று அந்த ஊர்ச் சந்தை. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நஜீமா தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு இல்லை. கையில் உப்புப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"வாப்பா, ஆயிஷாவக் காணல்ல."

"என்ன புள்ள சொல்ற?"

"நூல்கடைப் படியில நில்லு எண்டு சொல்லிட்டு உப்பு வாங்கப் போனன் வாப்பா. சனமெண்டா சனம். திரும்பி வந்து பாத்தா இல்ல. எல்லா இடமும் தேடிட்டன்."

குழியிலிருந்து எப்படி ஏறினேன் என்று தெரியாது. என் முழங்கால் பட்டுப் பாவு நூல் கொத்தாக அறுந்தது. முதலாளி அதைப் பார்த்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாங்க பாய், மொதல்ல சந்தைப் பேட்டை ஏட்டையாகிட்டப் போவோம். காணாமப் போற பிள்ளைகள அங்கதான் கொண்டாந்து விடுவாங்க" என்று முன்னால் நடந்தார்.

சந்தை வாசலில் ஒரு கொட்டகை. ஏட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி விஷயத்தைச் சொன்னார்.

"சிலோன் பிள்ளையா? பச்சைப் பாவாடை? இழுத்து இழுத்துப் பேசுமே?"

"ஓம், ஓம் ஐயா!"

"அது அப்பவே தாத்தாகூடப் போயிருச்சே!"

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன். திரும்பி நஜீமாவைப் பார்த்தேன். "உன்னோட வந்தாளாமே! மறுகா எங்க உட்ட?"

நஜீமா என்னைப் பார்த்து விழித்தாள். "என்னோட வரல்ல வாப்பா."

"தாத்தாவோட எண்டு சொல்லுறாரே!"

"என்னோட வரவே இல்ல வாப்பா!" அவள் அழத் தொடங்கினாள்.

ஏட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா, அந்தப் பிள்ளையப் போட்டு மிரட்டுறீரு? நான் சொல்றது தாத்தா. கிழவரு. வெள்ளை மீசை, தலையில முண்டாசு."

எங்கள் ஊர் முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறோம். பிறந்தது முதல் எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் காதில் விழுந்ததில்லை. பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் ஏட்டின் வாயிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பெண்பிள்ளைதான் தெரிந்தாள். இப்போது அந்த இடத்தில் முண்டாசு கட்டிய யாரோ ஓர் ஆண் நின்றான். என் பிள்ளை அவனுடைய கையில்.

"அவளுக்கு அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்லையே ஐயா!"

"அதுவே சொல்லுச்சேய்யா! யாரு கூட வந்தேன்னேன். தாத்தாவோடன்னுச்சு. உங்கப்பா எங்கேன்னேன். ஊர்லன்னுச்சு."

அதுவும் சரிதான். எங்களுக்கு அப்பா என்றால் பாட்டன். மாமியின் கணவர், ஆயிஷாவின் அப்பா, மருதமுனையில் இருக்கிறார். தகப்பன் நான், வாப்பா. வாப்பா எங்கே என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"அம்மா எங்கேன்னா முழிக்குது. உம்மா உம்மான்னு ஒரே அழுகை. பாவம், முத்தம் கேக்குதாக்கும்னு பூக்காரம்மா தூக்கிக் கன்னத்துல ரெண்டு குடுத்துச்சு. அதுக்கு இன்னும் கூடுதலா அழுவுது. அந்நேரம் பாத்து ஒரு கிழவரு நூல் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. பிள்ளை ஓடிப்போய் வண்டியப் புடிச்சுக்கிருச்சு. இவருதான் தாத்தாவாக்கும்னு நெனச்சு, பிள்ளைய இப்படியா விட்டுட்டுத் திரியிறதுன்னு நானே நாலு வசவு வஞ்சு, ஏத்தி அனுப்பினேன். அவரும் தலைய ஆட்டிட்டுத்தான் போனாரு."

முதலாளி ஏட்டிடம் கேட்டார்: "வண்டி எங்கிட்டுப் போச்சு?"

"கூட்டத்துல யாரு கண்டா? நீல நூலு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

நஜீமா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "வாப்பா, அவ என்னத்தான் சொல்லிரிக்கா. என்னத்தான் தேடிரிக்கா. நான்தானே அவக்குத் தாத்தா."

ஏட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணா தாத்தா?" அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. என் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

5. நீலம்

நீல நூல் என்றதும் எனக்கு ஹலீமாவின் நினைவுதான் வந்தது. அந்த ஊரில் சாயப்பட்டறைகள் பல திசைகளில் இருந்தன. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. அதோடு, அவளிடம் சொல்லாமல் தேடுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஏட்டும் முதலாளியும் வண்டியைக் கண்டவர்களை விசாரிக்கப் போனார்கள்; நான் நஜீமாவோடு விடுதிக்கு ஓடினேன்.

விடுதி வாசலில் காவலாளி தடியைக் குறுக்கே போட்டான். "ஞாயித்துக்கிழமை வாங்க பாய்."

நான் சுவரோரம் போய் நின்று, "ஹலீமா! ஹலீமா!" என்று கத்தினேன். தெருவில் நின்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் ஓடி வந்தாள். கைகளில் சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னது பாதிதான். மீதியை நஜீமாவின் முகத்தில் படித்துக்கொண்டாள்.

அவள் அழவில்லை. "நூல் நீலமெண்டு சரியாச் சொன்னாங்களா மச்சான்?"

"ஓம்."

"நீலம் போடுறது கம்மாய்க் கரைப் பட்டறைகள்தான். எங்களக் கூட்டிப் போய்க் காட்டினவங்க. ரெண்டு இருக்கு." கம்மாய் என்பது அவர்களுடைய குளம்.

காவலாளி, "மேடத்துக்கிட்டச் சொல்லாமப் போகக் கூடாதும்மா" என்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். பிறகு ஓடினாள். அப்படி வெளியேறினால் பயிற்சியிலிருந்தே நீக்கலாம். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வழியில் அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு ஓடினாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. நீலத்தொட்டிகள் நிலத்துக்குள் இறக்கியிருக்கும். விளிம்பு தரை மட்டத்தில்தான் இருக்கும். மேலே நுரை படர்ந்து கிடக்கும்; தெரியாத பிள்ளைக்கு அது மிதிக்கலாம் போலத்தான் தோன்றும். பக்கத்தில் நூலை அவிக்கும் காரத் தண்ணீர் கொதிக்கும். கிழவனைப் பற்றி நினைத்த பயம் ஒருபுறம், இது ஒருபுறம். ஒன்றை நினைக்கும்போது மற்றதே மேல் என்று தோன்றும். குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதப் பார்த்தேன். நாவில் முதல் வரிக்கு மேல் வரவில்லை.

முதல் பட்டறையில் பிள்ளை இல்லை. நஜீமா ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தாள்.

இரண்டாவது பட்டறை வாசலில் ஒரு நூல் வண்டி அவிழ்த்து விட்டபடி நின்றது.

உள்ளே, நூல் காயப்போட்டிருந்த மூங்கில்களுக்குக் கீழே, சாயக்காரப் பெண்கள் நடுவில் ஆயிஷா உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கருப்பட்டித் துண்டு. யாரோ அவளுடைய தலையைப் புதிதாகப் பின்னி, ஒரு கனகாம்பரத் துணுக்கும் வைத்திருந்தார்கள். அவள் எழுந்தாள். என்னிடமும் வரவில்லை, தாயிடமும் வரவில்லை.

"தாத்தா!" என்று நஜீமாவின் இடுப்பில் போய் விழுந்தாள்.

வண்டியடியில் குந்தியிருந்த கிழவர் தலையை நிமிர்த்தி, "என்ன தாயி?" என்றார்.

அவருக்குக் காது மந்தம் என்று பெண்கள் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வந்ததிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"வாய்யா, பிள்ளையப் பெத்தவரே!" என்று ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "எம்புட்டு நேரமா ஒவ்வொருத்தியாக் கேக்குறோம், உன் பிள்ளையாடி உன் பிள்ளையாடின்னு. ஒருத்தியும் ஏத்துக்கல. இன்னும் செத்த நேரம் போனா நானே எடுத்துட்டுப் போயிருப்பேன்."

கிழவரிடம் நான் கத்திக் கத்திக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளை வண்டிக்கு ஓடியாந்து நூல மோந்து பாத்துச்சு. என் காதுக்கு அம்மா அம்மான்னு விழுந்துச்சு. ஏட்டையா வேற கைய ஆட்டி ஆட்டி வைறாரு. சரி, பட்டறைப் பொம்பளைக பிள்ளை, கொண்டுபோய் விடச் சொல்றாருன்னு ஏத்திட்டு வந்தேன். தொட்டிப் பக்கம் விடலய்யா. என் கண்ணு முன்னாடிதான் வச்சிருந்தேன்."

ஹலீமா என் கையைத் தொட்டாள். "அவரோட கோவிக்காதீங்க மச்சான். புள்ள சரியான ஆளோடதான் வந்திரிக்கா." பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆயிஷா தாயின் நீலக் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

நான் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழும் முன்பே ஊருக்குள் திரும்பிவிட்டோம். ஏட்டும் முதலாளியும் பாதி வழியில் எதிரே வந்தார்கள். "தாத்தா கெடைச்சாரா?" என்று ஏட்டு கேட்டார். நஜீமாவைப் பார்த்து, "ரெண்டு தாத்தாவும்?" என்று திருத்திக்கொண்டார்.

6. அதன் பிறகு

அன்றே மூட்டை கட்டுவோம் என்றாள் ஹலீமா. "நான் படிச்சது போதும் மச்சான். ஊரில போய் நமக்குத் தெரிஞ்ச சாயத்தப் போடுவம்." எனக்கும் அதுதான் வேண்டும் போல இருந்தது. ஆனால் விடுதி மேற்பார்வையாளர் அம்மையார் அவளைக் கூப்பிட்டு, கேளாமல் வெளியேறியதற்குக் கண்டித்துவிட்டு, கண்டித்த வாயாலேயே, "பிள்ளைகளை நாளையிலிருந்து இங்கே கொண்டு வந்து விடச் சொல்லு. பெரியவள் வகுப்பில் உட்காரட்டும், சின்னவள் முற்றத்தில் விளையாடட்டும்" என்று சொன்னாராம். அதனால்தான் ஆண்டை முடித்தோம். நஜீமா அந்த வகுப்பில் இருந்து பழகியது வேறு கதை. இன்று தாயைவிட நன்றாக நீலம் போடுகிறாள்.

ஆயிஷாவுக்கு அந்த ஊர்ச் சொற்களைப் பழக்கினேன். தறி முடிந்து வந்து ஒவ்வொரு நாளும்.

"இவ ஆரு?"

"தாத்தா."

"இஞ்ச ஆள் கேட்டா?"

"அக்கா."

"நான் ஆரு?"

"வாப்பா."

"இஞ்ச ஆள் கேட்டா அப்பா எண்டு சொல்லணும்."

அவள் யோசிப்பாள். "அப்பா ஊருலதானே வாப்பா?"

அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் தடுக்கி விழுவோம். நஜீமா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தொழில் சொற்கள் தானாக வரும். ஊட்டையும் நூலையும் குழப்பினால் பக்கத்துத் தறிக்காரன் சிரித்துத் திருத்திவிடுவான். வீட்டுக்குள் கூப்பிடும் சொற்களை ஒருவரும் திருத்த மாட்டார்கள். ஏனென்றால் அவை அவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த சொற்களாகத்தான் இருக்கும். மனைவியோடு போங்கள், பிள்ளைகளோடு போங்கள். பிரிந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் போய் இறங்கிய அன்றே, அந்த ஊரில் தாயை, தகப்பனை, தமக்கையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

நாங்கள் மருதமுனைக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் ஆகிறது. பிள்ளைகள் வீட்டு வளவு முற்றத்தில் விளையாடுவார்கள். நான் உள்ளே தறியில் இருப்பேன். "தாத்தா!" என்று சின்னவள் கூப்பிடும் சத்தம் கேட்டால் என் கை தானாக நின்றுவிடுகிறது. நாடா பாவுக்கு நடுவில் கிடக்கும். கூட இருந்து தொழில் பழகுகிறவர்கள், "என்ன மாஸ்டர், நூல் அறுந்துட்டா?" என்று கேட்பார்கள். "என்னடி?" என்று மூத்தவளின் குரல் வெளியிலிருந்து வர வேண்டும். அது வந்த பிறகுதான் தறியின் மிதிக்கட்டையில் காலை வைக்கிறேன்.